அடி வாங்குகிறவன் நாயகன் ஆவது எப்படி? வடிவேலு என்கிற கணக்கு

1992இல் வந்த ‘சின்னக் கவுண்டர்’ படத்தை இன்று தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ஓர் இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள். அங்கே வசனம் எதுவும் இருக்காது. விஜயகாந்த் நடந்து வருவார், பின்னால் ஒல்லியாக, கறுப்பாக ஓர் ஆள் குடை பிடித்துக்கொண்டு ஓடி வருவார். “இந்தா பாரு, வடிவேலு!” என்று வீட்டில் யாராவது கை நீட்டுவார்கள். படம் வெளியான காலத்தில் அந்த ஆளை யாரும் கை நீட்டிக் காட்டியிருக்க மாட்டார்கள். அந்தப் படத்தின் நகைச்சுவை கவுண்டமணி, செந்தில் கணக்கு. குடைக்காரருக்கு இருந்த ஒரே பொறுப்பு, பெரியவர் தலையை விட்டு நிழல் விலகாமல் பார்த்துக்கொள்வது.

31 ஆண்டுகள் கழித்து ‘மாமன்னன்’ படத்தின் சுவரொட்டியில் அதே ஆள் கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு கோடு கூடச் சிரிப்பில்லை. பக்கத்தில் கதாநாயகன் உதயநிதி. ஆனால் படத்தின் பெயர் வடிவேலு ஏற்ற பாத்திரத்தின் பெயர்.

குடைக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நடந்ததை ‘உழைத்தார், உயர்ந்தார்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் சுவாரசியமான பகுதி விட்டுப்போகும். நகைச்சுவை நடிகர் கதாநாயகனாவது தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் நாயகன். அடுத்த ஆண்டே ‘திருவிளையாட’லில் தருமியாக வந்து சில நிமிடங்களில் படத்தையே தூக்கிக்கொண்டு போனார். நாயகன் வேடமும் துணை வேடமும் அவருக்கு இரண்டு சட்டைகள் மாதிரி, எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். வடிவேலுவுக்கு அப்படி அமையவில்லை. காரணம் அவருடைய சிரிப்பு செய்யப்பட்டிருக்கும் விதம். அவர் அடி வாங்குகிறவர். கதாநாயகன் என்றால் அடிக்கிறவன். ஒரே உடம்பில் இரண்டும் எப்படி நிற்கும்? அவருடைய திரை வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விக்கு வேறு வேறு விதமாகச் சொல்லப்பட்ட பதில்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

மதுரைக்காரர். பிறந்தது 1960இல். குடும்பத்துக்குக் கண்ணாடி வெட்டும் தொழில். இவரும் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்திருக்கிறார். சாமி படம், கல்யாணப் படம், செத்துப்போன தாத்தா படம் என்று ஊர் மொத்தமும் வந்து போகும் இடம் அது. முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. அவர் நடிப்பில் தெரியும் மனிதர்களையெல்லாம் அங்கேதான் பிடித்தார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது என் கற்பனையாகவே இருக்கட்டும். ராஜ்கிரண் அறிமுகம் கிடைத்து, கஸ்தூரி ராஜா இயக்கிய ‘என் ராசாவின் மனசிலே’ (1991) படத்தில் கவனிக்கும்படியான வேடம் அமைந்தது. அதில் ‘போடா போடா புண்ணாக்கு’ பாட்டில் அவர் ஆடுவதைப் பார்த்தால், முதல் வாய்ப்பு கிடைத்த ஆளுக்கு இருக்க வேண்டிய கூச்சம் துளியும் இருக்காது.

அந்தப் படத்தில் கவுண்டமணியிடம் உதை வாங்கினார். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அப்போதைய தமிழ் நகைச்சுவையின் அமைப்பே அதுதான். ‘கரகாட்டக்கார’னின் (1989) வாழைப்பழ வெற்றிக்குப் பிறகு உதைப்பவர் கவுண்டமணி, உதை வாங்குபவர் செந்தில் என்று ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. வடிவேலு அந்த வீட்டுக்குள் மூன்றாவது ஆளாக, உதை வாங்கும் வரிசையில் கடைசி ஆளாக நுழைந்தார்.

செந்தில் அடி வாங்கும்போது பார்வையாளர் யார் பக்கம் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கவுண்டமணி பக்கம். செந்தில் செய்யும் காரியம் அப்படி. நமக்கே ஓங்கி ஒன்று போடலாம் என்று தோன்றும். வடிவேலு தனியாக நகைச்சுவைப் பகுதி (டிராக்) செய்ய ஆரம்பித்த பிறகு இந்த இடம் மாறுகிறது. அவரை அடிப்பது ஒரு குறிப்பிட்ட நடிகர் இல்லை. பார்த்திபன் வாயால் அடிப்பார். தெருவில் போகிறவன் அடிப்பான். பேய் அடிக்கும். ஊரே திரண்டு வந்து அடிக்கும். அடிப்பவர் மாறிக்கொண்டே இருக்க, வாங்குபவர் மட்டும் மாறவில்லை. நாமும் மெல்ல இடம் மாறி, வாங்குபவர் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டோம். மேலதிகாரியிடமும் கடன்காரனிடமும் வீட்டிலும் தினசரி வாங்கிக்கொண்டிருப்பது நாமும்தானே.

அவருடைய காட்சிகள் ஏறக்குறைய எல்லாமே மூன்று படிகளில் நடக்கும். முதலில் சவடால். கழுத்தை நீட்டி, மார்பைத் தூக்கி, இல்லாத மீசையைக்கூட முறுக்கி, தன்னைப் பற்றி ஒரு பிரகடனம். இரண்டாவது அடி. இது பெரும்பாலும் சின்னதாக இருக்கும், சில சமயம் கேமராவுக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடும். மூன்றாவது சமாளிப்பு. சட்டை கிழிந்து, தலை கலைந்து திரும்பி வந்து, நடந்ததற்கு அவர் கொடுக்கும் விளக்கம். முதல் இரண்டு படிகளை உலகத்தில் எந்தக் கோமாளியும் செய்வான். மூன்றாவது படிதான் வடிவேலுவின் சொந்தச் சரக்கு. ‘வின்னர்’ (2003) படத்தின் கைப்புள்ள நம் நினைவில் நிற்பது அடி வாங்கியதற்காக அல்ல, அடி வாங்கிய பிறகும் சங்கத்துத் தலைவர் பதவியை விட்டுக்கொடுக்காமல் பேசுவதற்காக. ‘தலைநகரம்’ (2006) நாய் சேகர் இன்னும் ஒரு படி மேலே போகிறான். தன்னை யாரும் ரவுடியாக மதிப்பதில்லை என்ற ஆதங்கத்தில் போலீஸ் வண்டியில் தானே வலியப் போய் ஏறிக்கொள்கிறான். ஊர் தன்னைப் பார்த்து பயப்பட வேண்டும் என்று கெஞ்சுகிற ரவுடி. எழுதிப் பார்த்தால் அழுகை வரவேண்டிய விஷயம்.

அவர் உடம்பைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஏதாவது ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடி விழப்போகிறது என்று முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. கண் பக்கவாட்டில் நகரும், தலை நகராது. பிறகு உதடு கோணும். முழங்கால் ஓடத் தயாராகும், தோள் மட்டும் இன்னும் சவடாலிலேயே நிற்கும். பயமும் வீறாப்பும் ஒரே உடம்பில் இடுப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரிந்து நிற்பதை நீங்களே பார்க்கலாம். பில்டிங்கும் பேஸ்மென்டும் பற்றிய அவருடைய பிரபலமான வசனம் உண்மையில் அவருடைய நடிப்பு முறைக்கு எழுதிய உரை.

சத்தத்தைத் திரும்பப் போட்டால் மதுரை வந்துவிடும். படித்தவர் மாதிரி ஆங்கிலம் பேச முயன்று, நடுவில் வழுக்கி, மதுரைப் பேச்சில் வந்து விழுவது அவருக்குக் கைவந்த விளையாட்டு. அடிப்படையில் காது நல்ல காது, பாடுவார். ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) படத்தில் இளையராஜா இசையில் ‘எட்டணா இருந்தா’ பாடியபோது காமெடியனுக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள். சுருதி சுத்தமாக இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

இனி கொஞ்சம் தொழில் பேச வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. 1990களிலும் 2000களிலும் ‘காமெடி டிராக்’ என்பது படத்துக்குள் ஒரு தனிப் படம். கதை ஒரு பக்கம் ஓடும். நாயகனின் நண்பன் என்றோ, ஊர்க்காரன் என்றோ மெல்லிய ஒரு நூலால் இதைக் கட்டிவிட்டால் போதும். பல படங்களில் டிராக்கைத் தனியாக எழுதி, தனியாகவே எடுப்பார்கள். நகைச்சுவை நடிகருக்கு நாள் கணக்கில் கால்ஷீட், நாள் கணக்கில் சம்பளம். கூடவே அவருடைய குழு வரும். சிங்கமுத்து, அல்வா வாசு, போண்டா மணி, முத்துக்காளை, கிங்காங் என்று அந்த முகங்களைச் சேர்த்துப் பார்த்தாலே நமக்குச் சிரிப்பு தயாராகிவிடும். விநியோகஸ்தர்கள் ‘வடிவேலு இருக்காரா?’ என்று கேட்டுவிட்டுப் படம் வாங்கிய காலம் என்று சொல்வார்கள்.

இந்த முறையில் ஒரு விசித்திரமான பக்கவிளைவு உண்டு. டிராக் தனியாக இருந்ததால் தனியாக வெட்டி எடுக்க முடிந்தது. சிரிப்புக்கென்றே தனிச் சேனல்கள் வந்தபோது ஒளிபரப்ப ஆயிரக்கணக்கான துண்டுகள் தயாராகக் கிடந்தன. தொலைதூரப் பேருந்துகளில் படம் போட்ட காலத்தில் முழுப்படம் பார்த்தவர்களைவிட இந்தத் துண்டுகளைப் பார்த்தவர்கள் அதிகம். ஆக, படங்கள் மறந்து போயின, பாத்திரங்கள் நின்றன. வண்டு முருகன் என்றால் வக்கீல் என்று சின்னப் பையனும் சொல்வான். அது ‘எல்லாம் அவன் செயல்’ (2008) என்ற படத்தில் வருகிறது என்று சொல்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ‘கண்ணாத்தாள்’ பார்க்காதவர்களுக்கும் சூனா பானா தெரியும். இவருடைய காட்சிகளிலிருந்து புழக்கத்துக்கு வந்த சொற்களை எடுத்து ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ (2013), ‘நானும் ரவுடிதான்’ (2015), ‘நாய் சேகர்’ (2022) என்று மற்றவர்கள் நடித்த படங்களுக்கே பெயர் வைத்தார்கள். வேறெந்தத் தமிழ் நகைச்சுவை நடிகரும் இவ்வளவு தலைப்பு தானம் செய்ததாகத் தெரியவில்லை.

அந்தத் துண்டுகள் எல்லாவற்றையும் இன்று அப்படியே ரசிக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களையும் திருநங்கைகளையும் நிறத்தையும் உடலையும் வைத்துச் செய்த கேலிகள் அவற்றில் நிறைய. பல இடங்களில் தன் கறுப்பு நிறத்தையே அவர் கேலிக்கு எடுத்துக் கொடுத்தார். அப்போது திரையரங்கமே சிரித்தது, நானும்தான். இன்று சில இடங்களில் சேனலை மாற்றுகிறேன்.

இந்த உச்சத்தில்தான் நாயகன் வேடம் வருகிறது. 2006. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’. தயாரிப்பு இயக்குநர் ஷங்கரின் நிறுவனம். இயக்குநர் சிம்புதேவனுக்கு அது முதல் படம். அதற்கு முன் அவர் ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்தவர். இந்தக் கடைசித் தகவல் முக்கியம். அடி வாங்குகிறவனை எப்படி நாயகனாக்குவது என்ற சிக்கலுக்கு ஒரு கார்ட்டூனிஸ்ட் கண்டுபிடித்த வழி எளிமையானது. அவனைத் திருத்த வேண்டாம், வீரனாக்க வேண்டாம். பயந்தாங்கொள்ளியாகவே இருக்கட்டும். ஆனால் தலையில் ஒரு கிரீடத்தை வைத்துவிடு.

இதுவரை வடிவேலுவின் சவடாலுக்குப் பின்னால் அதிகாரம் எதுவும் இல்லை, அதனால் அடுத்த நிமிடமே அடி விழுந்தது. புலிகேசியின் சவடாலுக்குப் பின்னால் படையும் சிறைச்சாலையும் இருக்கின்றன. அடி விழாது. அடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் எதிரே கைகட்டி நிற்கிறார்கள். அரண்மனை ஓவியர் அரசரின் முகத்தை ஒரு பயில்வான் உடம்பின் மேல் ஒட்டி வரைகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். சவடால் என்பது என்ன என்பதற்கு அந்த ஒரு படமே போதும். வாய் பேசும் உடம்பு ஒன்று, நிஜத்தில் இருக்கும் உடம்பு வேறு. முன்பு அந்த இடைவெளியை அடி வந்து நிரப்பும். இங்கே வரைந்து தருவதற்கு ஆள் இருக்கிறது. சாதிச் சண்டைக்கென்று மைதானம் திறந்துவைக்கும் அரசன், குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்யும் அரசன் என்று படம் 18ஆம் நூற்றாண்டு வேடத்தில் நம் காலத்தையே கிண்டலடித்தது. ‘மங்குனி அமைச்சர்’ என்ற வசவு அந்தப் படத்திலிருந்துதான் அரசியல் மேடை வரைக்கும் போனது.

கூடவே இன்னொரு காப்பும் செய்து வைத்தார்கள். இரட்டை வேடம். புலிகேசியின் உடன்பிறந்தவன் உக்கிரபுத்தன் மக்கள் பக்கம் நிற்கும் போராளி. கதாநாயகனுக்குரிய காரியங்கள் எல்லாம் அவன் கணக்கில். உண்மையைச் சொன்னால் உக்கிரபுத்தன் வரும் இடங்களில் படம் கொஞ்சம் தூங்கும். வீரவசனம் பேசும் வடிவேலுவைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுக்கவில்லை. ஆனால் இந்தப் பிரிவினைதான் படத்தைக் காப்பாற்றியது. அடிப்பவனும் கோழையும் ஒரே உடம்பில் சண்டை போடாமல் ஆளுக்கொரு உடம்பாகப் பிரிந்துகொண்டார்கள்.

படம் பெரிய வெற்றி. வெற்றியிலிருந்து கற்ற பாடம் மட்டும் தவறு. வடிவேலுவை நாயகனாக்கினால், அதிலும் ராஜா வேடமும் பல வேடமும் கொடுத்தால் ஓடும் என்று எடுத்துக்கொண்டார்கள். தம்பி ராமையா இயக்கிய ‘இந்திரலோகத்தில் நா அழகப்பன்’ (2008) மூன்று வேடம், தேவலோகம் என்று போனது, ஓடவில்லை. பிறகு யுவராஜ் தயாளன் இயக்கத்தில் ‘தெனாலிராமன்’ (2014) வந்தது. மறுபடியும் அரசன், மறுபடியும் இரட்டை வேடம். அதில் வடிவேலு புத்திசாலியாகவும் நடிக்க வேண்டியிருந்தது. தெனாலிராமன் என்றால் எல்லாரையும் ஜெயிப்பவன். ஜெயித்துக்கொண்டே இருக்கும் வடிவேலுவிடம் நமக்கு என்ன வேலை? 2015இல் ‘எலி’ வந்து போனது. இந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நல்ல காட்சிகள் உண்டு. இரண்டரை மணி நேரத்துக்கு அவை போதாது.

அரசியலையும் சொல்லாமல் தாண்ட முடியாது. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணிக்காக அவர் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். முக்கிய இலக்கு, அ.தி.மு.க. அணியில் இருந்த விஜயகாந்த். ஆம், குடை பிடித்தாரே, அவரேதான். கூட்டங்களுக்குக் கூட்டம் வந்தது. சிரிக்க வந்த கூட்டம். முடிவு வந்தபோது அ.தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. தே.மு.தி.க. 29 இடங்களை வென்று விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். திரையில் என்றால் இந்த இடத்தில் மூன்றாவது படி வரும். கிழிந்த சட்டையோடு ஒரு சமாளிப்பு. நிஜத்தில் வந்தது வாய்ப்பில்லாத நீண்ட இடைவெளி. அது அரசியலால் மட்டுமா, வேறு காரணங்களும் சேர்ந்தா என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். படங்கள் குறைந்தன என்பது மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பிறகு 2017இல் தொடங்கிய புலிகேசி இரண்டாம் பாகம் பிரச்சினையில் நின்று, விவகாரம் தயாரிப்பாளர் சங்கத்துக்குப் போய், புதுப் படங்களில் நடிக்க முடியாதபடி அவருக்கு ‘ரெட் கார்டு’ போடப்பட்டது. அது நீங்கியது 2021 ஆகஸ்டில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் நடிக்காமல் இருந்த அந்த ஆண்டுகளில்தான் அவரைத் தமிழ்நாடு அதிகம் பார்த்தது. மீம் வந்துவிட்டது. வெட்டி எடுக்க வசதியான அந்தத் துண்டுகள் இப்போது இன்னும் சின்னதாக, ஒற்றைப் பிரேமாக வெட்டப்பட்டன. கல்லூரித் தேர்வு, கிரிக்கெட், மின்வெட்டு, பட்ஜெட் என எதற்கும் ஒரு வடிவேலு முகம் இருந்தது. மீம் போடுபவர்கள் ‘டெம்ப்ளேட்’ என்று சொல்வதில் பாதி இவர் முகம்தான். யோசித்தால் காரணம் புரியும். மீம் என்பதே அடி வாங்கியவனின் சமாளிப்புதான். மூன்றாவது படி.

2019 மே மாதக் கடைசியில் இது எல்லை தாண்டியது. சிவில் எஞ்சினியரிங் தொடர்பான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் சுத்தியல் என்று பதில் சொல்லி, இது காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) படத்தில் அரண்மனைக்கு வேலைக்குப் போகும் நேசமணியின் தலையில் மேலிருந்து சுத்தியல் விழும் காட்சி அது. மறுநாளைக்குள் ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்ற ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. புதுடெல்லியில் பிரதமர் பதவியேற்கும் நாளில் தமிழ்நாடு பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கற்பனைத் தலைக்காயத்துக்கு மருத்துவ அறிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது வீடு மாறியிருந்தது. ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ (2022) படத்தில் பழைய வடிவேலுவைத் தேடிப் போனவர்கள் அரைமனதோடு திரும்பினார்கள். அவருக்கு வயதானது ஒரு காரணம். பெரிய காரணம், டிராக் என்கிற பண்டமே சந்தையில் இல்லை. ‘சூது கவ்வும்’ (2013) போன்ற படங்கள் வந்தபின் சிரிப்பு கதைக்குள்ளேயே கரைந்துவிட்டது. படத்தின் நீளம் குறைந்தது. சந்தானம் போன்றவர்கள் நாயகன் பக்கம் போனார்கள். தனியாக இருபது நிமிடம் ஒதுக்கி, அவருடைய பழைய குழுவை உட்காரவைத்து, ஒரு தெருச் சண்டையை எடுக்க யாருக்கும் நேரமில்லை. குழுவிலும் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

‘மாமன்னன்’ எங்கிருந்து வந்தது என்று தெரிய, மறுபடியும் 1992க்குப் போக வேண்டும். அந்தத் தீபாவளிக்கு வந்த ‘தேவர் மக’னில் வடிவேலுவுக்கு இசக்கி என்ற வேடம். கமல் சொன்னதால் பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைக்கிறான் இசக்கி. பெரிய வீட்டுப் பங்காளிச் சண்டை. ஆனால் கை வெட்டப்படுவது இசக்கிக்கு. மருத்துவமனையில், இனி எல்லா வேலையையும் மிச்சமிருக்கும் ஒரே கையால் செய்ய வேண்டுமே என்று அவன் தன்னையே கிண்டலடித்துக்கொள்வான். பார்ப்பவனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றுவிடும். அடி, அதன்பின் சமாளிப்பு. அவருடைய முழு இலக்கணமும் தொழில் தொடங்கிய இரண்டாம் வருடத்திலேயே அங்கே இருக்கிறது. சிரிப்பு மட்டும் கழித்து.

மாரி செல்வராஜ் அந்த இசக்கியை மறக்கவில்லை. 2023இல் ‘மாமன்னன்’ பாடல் வெளியீட்டு மேடையில், கமல் எதிரில் இருக்கும்போதே, தேவர் மகனின் இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்று சொன்னார். மாமன்னன் தனித்தொகுதி எம்.எல்.ஏ. வயதில் மூத்தவன். ஆனாலும் கட்சிக்காரர் ரத்தினவேலுவின் வீட்டுக்குப் போனால் உட்கார மாட்டான். பக்கத்தில் நாற்காலி இருந்தாலும் நிற்பான். யாரும் நில் என்று சொல்வதில்லை. உட்கார் என்று சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

இந்தக் காட்சியில் வடிவேலு என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஏறக்குறைய எதுவுமே செய்வதில்லை. முப்பது வருடமாக நம்மைச் சிரிக்கவைத்த அதே பாவனைதான். தோள் குறுகி, கண் பக்கவாட்டில் போய், எதிராளியின் முகத்தை அளந்துகொண்டு நிற்கும் அடிவாங்கியின் உடம்பு. சவடாலை மட்டும் கழற்றி வைத்துவிட்டார். சவடால் போனதும், அந்த உடம்பு இத்தனை காலமும் எதைக் கண்டு ஒடுங்கியது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மகன் வீரா அப்பாவை உட்காரச் சொல்லும் இடம் படத்தின் இடைவேளையை ஒட்டி வருகிறது. முதல் சில காட்சிகளில் அவர் முகத்தைப் பார்த்ததுமே பழக்கதோஷத்தில் சிரிக்கத் தயாராகிற நமக்கு, அந்த நேரம் வரும்போது நாம் எதற்காகச் சிரித்துப் பழகினோம் என்று கொஞ்சம் உறுத்தும்.

அவர் எட்டணா பாடிய குரல் இந்தப் படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் யுகபாரதி எழுதிய ‘ராசா கண்ணு’ பாடுகிறது. மேல்சாதிக்காரர்கள் கல்லெறிந்து கொன்ற சிறுவர்களுக்கு நீதி வாங்கித்தர முடியாத ஒருவன் மலை மேல் நின்று அழும் துக்கம் அது. நன்றாகப் பாடுகிறார் என்பதைவிட, நடுங்க வேண்டிய இடத்தில் குரலை நடுங்க விடுகிறார். பாடகர்கள் அதற்கு அஞ்சுவார்கள். படத்தின் முடிவில் மாமன்னன் சட்டமன்றத்தில் சபாநாயகர் நாற்காலிக்குப் போகிறான். இந்தமுறை மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

2006இல் சிம்புதேவன் கோழைக்குக் கிரீடம் வைத்துச் சிக்கலை அவிழ்த்தார் என்றால், மாரி செல்வராஜ் கோழைத்தனம் என்று நாம் நினைத்ததற்கு வேறு பெயர் இருக்கிறது என்று காட்டி அவிழ்த்தார். இந்த வழி வடிவேலுவுக்கு மட்டும் திறந்ததல்ல. ‘மண்டேலா’வில் (2021) யோகி பாபு, ‘விடுதலை’யில் (2023) சூரி என்று ஏறக்குறைய அதே காலத்தில் இன்னும் இருவர் அந்த வாசலில் நுழைந்தார்கள். அவர்களிடமும் இயக்குநர்கள் கேட்டு வாங்கியது பஞ்ச் வசனத்தை அல்ல, நாம் பொருட்படுத்தாமல் தாண்டிப்போகிற ஒரு முகத்தை. மூவரில் வடிவேலுவுக்குத்தான் சுமை அதிகம். மற்ற இருவரின் பழைய காட்சிகள் நம் மூளையில் இவ்வளவு ஆழமாக ஆணியடித்து மாட்டப்படவில்லை.

2025 ஜூலையில் வந்த ‘மாரீசன்’ படத்தில் மறுபடியும் ஃபகத் ஃபாசிலும் வடிவேலுவும். அங்கே ரத்தினவேலுவாக இருந்தவர் இங்கே திருடன் தயா. வடிவேலு ஞாபகம் தப்பிப்போகும் முதியவர் வேலாயுதம். அவர் கணக்கில் பணம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட திருடன், அவரைத் தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போகிறான். ஏமாளி ஒருவன் வாகாக மாட்டினான் என்பது அவன் கணக்கு. வடிவேலுவின் பழைய டிராக்குகள் எத்தனையோ இதே இடத்தில்தான் தொடங்கும். எதிராளி அவரைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவான், கடைசியில் அடி வாங்கித் திரும்புவது இவராக இருக்கும். ‘மாரீச’னில் எடை போட்டவன் தப்பாகப் போட்டுவிட்டான். எங்கே தப்பு செய்தான் என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.